பெப்புவின் வெந்நீரும் ஆறரை மணி வானொலியும்

ஜப்பானில் எந்த வெந்நீர் ஊற்றுக் குளியல்கூடத்துக்குள் போனாலும் உடை மாற்றும் இடத்தின் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். ஊற்றின் சூடு எவ்வளவு, நீரில் கரைந்திருக்கும் உப்புகள் எவை, யார் யார் இறங்கக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். 1948-இல் வந்த வெந்நீர் ஊற்றுச் சட்டம் அப்படி எழுதி மாட்டச் சொல்கிறது. அதோடு, எந்தெந்த உபாதைக்கு அந்த நீர் இதமளிக்கும் என்ற பட்டியலும் பெரும்பாலும் இருக்கும். பெப்பு நகரில் அப்படி ஒரு பலகையை எனக்குப் படித்துச் சொன்னவள், அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் திருநெல்வேலிப் பெண்.

“அக்கா, மொத வரியே உங்களுக்குத்தான். தசையிலயும் மூட்டுலயும் ரொம்ப நாளா இருக்கிற வலி, இறுக்கம்னு போட்டிருக்கு.”

மருத்துவர்களிடமும் உறவினர்களிடமும் நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சங்கதி, ஒரு பொதுக் குளியலறைச் சுவரில் முதல் வரியாக எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்துகளை எனக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, தொடை என்று உடம்பின் பல இடங்களில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலி. இரவெல்லாம் படுத்திருந்தும் தூங்கி எழுந்தது போலிராது. மதியத்துக்குள் தெம்பு தீர்ந்துவிடும். சில நாள் சொல்ல வந்த சொல்லே நினைவுக்கு வராது. நம் வீடுகளில் ‘அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்று சொல்வார்களே, அதே உணர்வு, யாரும் அடிக்காமல், தினமும். ரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ எதுவும் தெரியாது. தசை கிழிந்திருக்காது, மூட்டு தேய்ந்திருக்காது. வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் அதைப் புரிந்துகொள்ளும் மூளையும் அளவுக்கு மீறிக் கூர்மையாகி, சாதாரண அழுத்தத்தைக்கூட வலியாக எடுத்துக்கொள்கின்றன என்பதே இன்று மருத்துவம் தரும் விளக்கம். 1990-இல் அமெரிக்க முடவியல் கல்லூரி வகுத்த முறைப்படி உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010-இல் அந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு வலி பரவியிருக்கும் பகுதிகள், அசதி, தூக்கம், நினைவு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும் முறைக்கு மாறினார்கள். ஆண்களுக்கும் வரும் என்றாலும் பெண்களிடம்தான் இது அதிகம் கண்டறியப்படுகிறது. அதனால்தானோ என்னவோ, ‘எல்லா டெஸ்டும் நார்மல்தானே, அப்புறம் என்ன?’ என்ற கேள்வி நம் ஊரில் இவ்வளவு சுலபமாக வருகிறது.

மாத்திரைகள் எனக்கு ஓரளவு உதவின. மருத்துவர் சொல்லி அவற்றைத் தொடர்ந்துகொண்டேதான் புறப்பட்டேன். வெந்நீர் ஊற்று நோயைத் தீர்த்துவிடும் என்ற எண்ணத்தில் நான் போகவில்லை. வலியோடு வாழ்கிறவர்களை ஓர் ஊர் எப்படி வைத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும் என்றிருந்தது.

ஃபுகுவோகாவின் ஹகாட்டா நிலையத்திலிருந்து சோனிக் விரைவு வண்டியில் பெப்புவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கியூஷு தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஊர். பயணத்தின் கடைசிப் பகுதியில் இடப்பக்கம் விரிகுடா கூடவே வருகிறது, வலப்பக்கம் மலை. நெடுநேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் என் இடுப்பும் தொடையும் இறுகிப்போகும் என்பதால் விமானத்திலும் ரயிலிலும் அவ்வப்போது எழுந்து நடந்துகொண்டே வந்தேன். ஊர் நெருங்கும்போது மலைச்சரிவில் வீடுகளுக்கு நடுவே அங்கங்கே வெண்புகை எழுவது தெரிந்தது. அது புகையன்று, நீராவி. பெப்புவில் 2,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. நிலத்தடியில் காய்ந்த நீர் குழாய்களின் வழியாகவும் தெருவோர வடிகால் மூடிகளின் இடுக்குகள் வழியாகவும் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இந்த ஆவி எழும் காட்சியையே 2012-இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டு நிலக்காட்சிகளில் ஒன்றாக ஜப்பான் அறிவித்தது.

ரயில் நிலைய வாசலில் இரு கைகளையும் உயரத் தூக்கி நிற்கும் ஒரு மனிதரின் சிலை. அபுராயா குமஹாச்சி. 1928-இல் பெண் வழிகாட்டிகளை வைத்துச் சுற்றுலாப் பேருந்து நடத்தி, பெப்புவை நாடறிய வைத்தவர். ‘நரகங்கள்’ என்று அவர்கள் அழைக்கும் கொதிகுளங்களைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. நீலமாய் ஒன்று, ரத்தச் சிவப்பாய் ஒன்று. அழகுதான். ஆனால் அவை பார்ப்பதற்கு மட்டும், இறங்குவதற்கு அல்ல. நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

என்னை ஈர்த்தது குமஹாச்சிக்கு முந்தைய பெப்பு. தோஜி என்று ஒரு பழக்கம் ஜப்பானில் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. அறுவடை முடிந்த உழவர்கள், கடல் ஓய்ந்த நாட்களில் மீனவர்கள், உடம்பு முறிய உழைத்தவர்கள், ஊற்றுள்ள ஊருக்கு வந்து தங்கி, தினமும் குளித்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்புவார்கள். ஏழு நாள் ஒரு சுற்று, மூன்று சுற்று தங்கினால் நல்லது என்பது பழைய கணக்கு. பெப்புவுக்குப் படகிலேயே குடும்பத்தோடு வந்து, துறையில் படகைக் கட்டி, இரவில் படகில் உறங்கி, பகலில் கரையேறிக் குளித்தவர்களும் உண்டு. பணக்காரர்களின் உல்லாசமாக இது தொடங்கவில்லை. உழைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதை ஓர் ஊரே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

முதலில் தகேகவாரா குளியல்கூடம். 1879-இல் தொடங்கியது, இப்போதுள்ள மரக் கட்டடம் 1938-இல் எழுந்தது. வளைந்த முகப்புக் கூரையோடு பழைய கோயில் போல நிற்கிறது. உள்ளே ஒரு பக்கம் வெந்நீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் மணற்குளியல். அங்கே குளிக்கிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்லர். அக்கம்பக்கத்துப் பாட்டிகள் சின்ன வாளியில் சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு, நம் ஊரில் தெருக்கோடிக் கடைக்குப் போவதுபோல் இயல்பாக வருகிறார்கள். கட்டணம் சில நூறு யென். ஊர் முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன.

ஆடை எதுவும் இல்லாமல்தான் தொட்டியில் இறங்க வேண்டும். பெண்களுக்குத் தனிப் பகுதி என்றாலும் நம் ஊர்ப் பெண்ணுக்கு அது எளிதல்ல. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூன் விழுந்த முதுகு, அறுவைத் தழும்புள்ள வயிறு, வீங்கிய முழங்கால், எல்லாம் சும்மா வந்து உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு நீருக்குள் இறங்குகின்றன. தன் உடம்பைச் சகித்துக்கொள்ள முடியாமல் பல ஆண்டு கழித்தவளுக்கு அந்தக் காட்சியே ஒரு வைத்தியம்.

நீரின் சூடு 42 பாகைக்கும் மேலிருக்கும். உள்ளூர்ப் பாட்டிகள் அதில் அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள். நமக்கு அது அதிகம். ஜப்பான் அரசே தன் மக்களுக்கு, வீட்டில் குளித்தாலும் 41 பாகைக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது; சூட்டில் ரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு. முதியவர்களும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது, நோய் திடீரென்று முற்றியிருக்கும்போது, தீவிர இதய நோய் இருந்தால் இறங்காதே என்று சுவர்ப் பலகையும் சொல்கிறது. நான் முதலில் காலை மட்டும் நனைத்து, வாளியில் மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டு, அப்புறம் சிறிது நேரம் மட்டும் இறங்கி ஏறினேன்.

மணற்குளியலில் எனக்கு இன்னும் அதிக இதம் கிடைத்தது. யுகாத்தா என்ற பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு மணலில் படுக்க வேண்டும். வெந்நீரால் சூடேறிய ஈர மணலை மண்வெட்டியால் அள்ளி அள்ளி உடம்பின் மேல் போடுகிறார்கள், கழுத்துவரை. அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டார்.

“எங்க வலிக்குதுன்னு கேக்கிறாங்க அக்கா.”

“எல்லா இடமும்னு சொல்லும்மா.”

அவள் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, புருவத்தை உயர்த்தவில்லை. தலையை அசைத்துவிட்டு, நெஞ்சின் மேல் கொஞ்சமாகவும் இடுப்பிலும் தொடையிலும் கூடுதலாகவும் மணலைப் போட்டார். மணலின் கனம் உடம்பை அழுத்தியது. அழுத்தம் என்றாலே வலி என்று பழகியிருந்த தசைகள், எல்லாப் பக்கமும் ஒரே சீராக, சூட்டோடு வந்த அந்த அழுத்தத்துக்கு மெல்ல இளகின. பத்துப் பதினைந்து நிமிடம்தான். எழுந்து நடந்தபோது இடுப்பு எப்போதையும்விட லேசாக அசைந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் மாலைக்குள் வலி திரும்பிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மலைச்சரிவில் ஏறினால் கன்னாவா. ஆவி எழும் தெருக்கள் இங்கேதான் அதிகம். 13-ஆம் நூற்றாண்டுத் துறவி இப்பென் இங்கே வந்து, கொதிக்கும் ‘நரகங்களை’ அடக்கி, 1276-இல் ஆவிக் குளியலை ஏற்படுத்தினார் என்பது ஊர் மரபு. அந்தக் குளியல்கூடம் இன்றும் நடக்கிறது. ஒரு மீட்டர் அளவே உள்ள சின்ன வாசல். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டான கல் அறை. தரையில் செகிஷோ என்ற புல்லை மெத்தையாகப் பரப்பியிருக்கிறார்கள். படுத்ததும் முகத்தில் வந்து மோதிய வாசனையில் ஒரு நொடி எனக்கு எங்கள் வீட்டுக் கைக்குழந்தைகளின் நினைவு வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. செகிஷோ, நம் வசம்பின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே தாவரப் பேரினம். வசம்பைச் சுட்டுக் குழைத்து வயிற்றில் தடவிய பாட்டிகளுக்கும், அதன் தம்பியைத் தரையில் விரித்து நோயாளியைப் படுக்கவைத்த துறவிக்கும் நடுவே ஒரு கடலே இருந்தது. கை மட்டும் ஒரே செடிக் குடும்பத்தை நோக்கிப் போயிருக்கிறது.

கன்னாவாவில் அறையை மட்டும் வாடகைக்குக் கொடுத்து, சமையலை நம்மிடமே விடும் பழைய தோஜி விடுதிகள் சில மிஞ்சியிருக்கின்றன. முற்றத்தில் நிலத்தடி ஆவியில் வேகும் அடுப்பு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, முட்டைகோஸ், எதை வேண்டுமானாலும் மூங்கில் தட்டில் வைத்து மூடினால் வெந்துவிடும். எண்ணெய் இல்லை, விறகு இல்லை. உப்பும் நான் கொண்டுபோன மிளகுப்பொடியும் போதுமாயிருந்தன. அந்த முற்றத்தில் கிழங்கு வேகக் காத்திருந்தபோதுதான் பிற விருந்தினர்களைப் பார்த்தேன். முழங்கால் அறுவைக்குப் பின் வந்த ஒருவர், தோளைத் தூக்க முடியாத இன்னொருவர். யாரும் படுத்தே கிடக்கவில்லை. குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள், மேட்டுத் தெருவில் மெதுவாக ஏறி இறங்குகிறார்கள், மறுபடி குளிக்கிறார்கள். தோஜியின் பலன் நீரில் மட்டும் இல்லை, இந்த நாள்முறையில் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

ஜப்பானில் உடம்பு பிடித்துவிடுவது ஒரு பெருந்தொழில். அன்மா என்ற பழைய பிடிமுறையும் ஊசி மருத்துவமும் நெடுங்காலம் பார்வையற்றவர்களின் தொழிலாக இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற மருத்துவர், மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அதன் வழியாக ஊசியை நோகாமல் ஏற்றும் முறையைப் பரப்பி, பார்வையற்றோருக்குப் பயிற்சிப் பள்ளிகளையும் நிறுவினார். இருபதாம் நூற்றாண்டில் நமிகோஷி தொகுஜிரோ ஷியாட்சு என்ற விரல் அழுத்த முறையை வளர்த்தார். சிறுவயதில் தாயின் மூட்டுவலிக்குத் தன் கைகளால் அழுத்திவிட்டதில் தொடங்கியது அவர் கற்றல் என்று சொல்வார்கள். இன்று இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் கட்டாயம். மூன்றாண்டுப் படிப்பும் தேர்வும் முடித்தவர்தான் பிறர் உடம்பில் கை வைக்கலாம்.

நான் போன இடத்தில் பிடித்துவிட வந்த பெண்மணி முதலில் அரை மணி நேரம் கேள்விகள்தான் கேட்டார். தூக்கம் எப்படி, எந்த நேரத்தில் வலி கூடும், என்ன மருந்து. பிறகு, துணியின் மேலேயே, விரல் நுனியால், இறகு தொடுவதைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தில் தொடங்கினார். நம் ஊரில் பிடித்துவிடுகிறவர்கள் சிலர் ‘வலிச்சாத்தான் விடும்’ என்பார்கள். இந்த நோய்க்கு அது பொருந்தாது. கூர்மையாகிப்போன நரம்புகளை முரட்டு அழுத்தம் மேலும் உசுப்பிவிடும். இரண்டு மூன்று நாள் படுக்கையில் தள்ளும். வலிக்கிறது என்றால் நிறுத்துங்கள் என்று சொல்லும் உரிமை படுத்திருப்பவருக்கு உண்டு.

இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மசாஜ் என் அன்றைய நாளை இனிதாக்கியது. அதன் மேல் எனக்கு அன்பு உண்டு. ஆனால் ஐரோப்பிய முடவியல் மருத்துவர்களின் கூட்டமைப்பு, இந்த நோய்க்கான சிகிச்சைகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்து திருத்திய பரிந்துரைகளில் மசாஜுக்குப் போதிய சான்று இல்லை என்றே சொல்லியிருக்கிறது. ஊசி மருத்துவம், வெந்நீர்ச் சிகிச்சை, யோகா, தாய் சி போன்ற மெல்லிய அசைவுமுறைகள், மனத்தை நிறுத்தும் பயிற்சிகள் ஆகியவற்றை முயன்று பார்க்கலாம் என்கிறது. வலுவாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்றைத்தான்: உடற்பயிற்சி.

ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவரிடம் போய் உடற்பயிற்சி செய் என்றால் அவருக்கு அழுகைதான் வரும். எனக்கு வந்திருக்கிறது. தோளைத் தூக்கவே முடியாதவள் எப்படி ஓடுவது, குதிப்பது? பெப்புவில் அதற்கு எனக்குக் கிடைத்த விடை, காலை ஆறரை மணிக்கு ஒரு திடலில் ஒலித்த வானொலி.

ராஜியோ தாய்சோ. வானொலி உடற்பயிற்சி. 1928 நவம்பரில் தொடங்கியது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று வானொலியில் பயிற்சி ஒலிபரப்பியதைப் பார்த்து, ஜப்பான் அஞ்சல்துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு தன் நாட்டுக்குக் கொண்டுவந்தது. போர்க்காலத்தில் மக்களை ஒரே வரிசையில் நிறுத்தும் கருவியாகவும் அது பயன்பட்டதுண்டு. போருக்குப் பின் சில ஆண்டுகள் நின்றுபோய், இப்போது ஒலிக்கும் முதற்பயிற்சி 1951-இல் அமைக்கப்பட்டது. பதின்மூன்று அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகம். தினமும் காலை 6:30-க்கு என்.ஹெச்.கே. வானொலியில் பத்து நிமிட நிகழ்ச்சி. பியானோ ஒலிக்க, ஒரு குரல் எண்ணிக்கொண்டே சொல்லிக்கொடுக்கும். ஜப்பானில் பள்ளியில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். தொழிற்சாலைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வேலை தொடங்குமுன் செய்கிறார்கள்.

விடுதிக்குப் பக்கத்துத் திடலில் கூடியவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். ஒருவர் சின்ன ரேடியோவை பெஞ்சின் மேல் வைத்தார். என்னைக் கைகாட்டி அழைத்தார்கள். முதல் அசைவு கைகளை முன்னால் கொண்டுவந்து மேலே தூக்கி, முதுகை நிமிர்த்துவது. என் கைகள் தோள் உயரத்தில் நின்றுவிட்டன. பக்கத்தில் நின்ற மூதாட்டி தன் கைகளையும் தோள் உயரத்திலேயே நிறுத்தி, அது போதும் என்பதுபோல் தலையசைத்தார். குதிக்கும் இடம் வந்தபோது அவர் குதிகாலை மட்டும் தூக்கி இறக்கினார். இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கைகளை மட்டும் அசைத்தார். தொலைக்காட்சியிலும் நிற்பவர்களோடு ஒருவர் நாற்காலியில் அமர்ந்து செய்துகாட்டுவதை விடுதியில் பார்த்தேன். முடிந்த அளவுக்குச் செய்வது அங்கே குறையாக எண்ணப்படுவதில்லை. பயிற்சி முடிந்ததும் ஒருவருக்கொருவர் தலைவணங்கி, இரண்டொரு சொல் பேசிக் கலைந்தார்கள். நாலு நாள் வராத ஒருவரைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள் என்று அந்தத் திருநெல்வேலிப் பெண் சொன்னாள்.

அங்கிருந்த காலை ஒவ்வொன்றிலும் போனேன். ஒரு நாள் வலி கூடுதலாக இருந்தபோது பாதியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இந்த நோயில் நம்மைக் கவிழ்ப்பது இதுவே: உடம்பு கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப்போட்டுச் செய்வோம், அடுத்த மூன்று நாள் எழ முடியாது. பயந்து அசைவையே விட்டுவிடுவோம். அசையாத தசை இன்னும் இறுகும், தூக்கம் இன்னும் கெடும், வலி இன்னும் கூடும். இதிலிருந்து மீள இயன்முறை மருத்துவர்கள் சொல்வது, தினமும் செய்யக்கூடிய மிகச் சிறிய அளவில் தொடங்கி, நல்ல நாளிலும் அதைத் தாண்டாமல், கெட்ட நாளிலும் அறவே விடாமல், வாரங்கள் கடக்கக் கடக்க மெல்லக் கூட்டுவது. பலன் தெரியப் பல வாரம் ஆகும். தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடுவதும் உண்டு. அதை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பயந்து விடமாட்டார்.

சூட்டுக்கு இதில் வேலை இருக்கிறது. பெப்புவில் கியூஷு பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை ஒன்று உள்ளது; 1931-இல் வெந்நீர்ச் சிகிச்சை ஆய்வகமாகத் தொடங்கியது. இங்கே கனிமச் சேற்றுக் குளியலை ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளுக்குத் தந்து ஆராய்ந்திருக்கிறார்கள். கியூஷுவின் தென்கோடியில் ககோஷிமாவில் தேய் என்ற இதய மருத்துவர் உருவாக்கிய வாவோன் முறை இன்னொன்று: 60 பாகைச் சூட்டறையில் 15 நிமிடம், பிறகு போர்வை போர்த்தி 30 நிமிடம் ஓய்வு, இழந்த வியர்வைக்குத் தண்ணீர். இதய நோயாளிகளுக்காக வந்த முறை இது. 2008-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 13 பெண்களுக்கு இதைத் தந்தபோது அத்தனை பேருக்கும் வலி குறைந்தது. 13 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. இதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் என் உடம்பு எனக்குச் சொன்னது இதுதான்: சூடு தசையை இளக்கி ஒரு மணி, இரண்டு மணி நேரம் தருகிறது. அந்த நேரத்தில் நடந்தால், கையைத் தூக்கினால், முதுகை நிமிர்த்தினால், அந்த இளக்கம் தங்குகிறது. படுத்தே கிடந்தால் கரைந்துபோகிறது.

மெல்லிய அசைவுக்கு இதைவிடப் பெரிய சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. 2018-இல் பாஸ்டன் மருத்துவர்கள் இந்த நோயுள்ள 226 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குத் தாய் சியும் மறு பகுதிக்கு மூச்சிரைக்கும் வகைப் பயிற்சியும் தந்தார்கள். தாய் சி செய்தவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ நலம் பெற்றார்கள். வேகமாக ஓடினால்தான் பயிற்சி என்ற எண்ணம் தேவையில்லை.

பெப்புவுக்கு எல்லோரும் போக முடியாது, போகவும் வேண்டாம். நோயுள்ளவரின் பையைக் குறிவைத்து ‘பத்தே நாளில் வலி போகும்’ என்று பெருந்தொகை வாங்கும் தங்கும் சிகிச்சைகள் நம் நாட்டிலும் பெருகியிருக்கின்றன. நாள்பட்ட வலிக்கு நாள்பட்ட துணைதான் வேண்டும். அது மலிவாக, பக்கத்தில், தினமும் கிடைக்க வேண்டும். பெப்பு அதைச் செய்திருக்கிறது: சில நூறு யென்னுக்குத் தெருவோர வெந்நீர், உரிமம் பெற்ற கை, செலவே இல்லாத வானொலி, வராதவரை விசாரிக்கும் நான்கு பேர்.

நம் தெருவில் வெந்நீர் ஊற்று இல்லாவிட்டாலும் பிற எல்லாம் இருக்கின்றன. சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் ஒற்றடமும், ஆவி பிடிக்கும் வேதும், உடம்பு பிடித்துவிடும் தொக்கணமும் உண்டு. தொக்கணத்திலேயே ஒன்பது வகை சொல்கிறார்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இயன்முறை மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒற்றடம் கொடுத்து அனுப்புகிறவரும் பயிற்சி சொல்லித்தருகிறவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்தால் எவ்வளவோ மாறும். மாநகராட்சிப் பூங்காக்களில் நடைபாதை போட்டாயிற்று. அங்கே காலையில் பத்து நிமிடம், உட்கார்ந்தும் செய்யக்கூடிய பயிற்சியை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்றுநரும் ஒரு பதிவும் போதும். வானொலி நிலையங்கள் மனம் வைத்தால் அதைக் கிராமத்துத் திண்ணை வரைக்கும் கொண்டுபோகலாம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். அம்மாவாக, அக்காவாக, மருமகளாக. ‘டெஸ்ட் எல்லாம் நார்மல்’ என்று அவரிடம் சொல்லாதீர்கள். வலி புதிதென்றால், காய்ச்சலோ எடைக்குறைவோ மூட்டு வீக்கமோ உடனிருந்தால், முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஃபைப்ரோமயால்ஜியா என்று உறுதியானால், மாலையில் இளஞ்சூட்டு வெந்நீர் விளாவிக் கொடுங்கள். காலையில் அவரோடு ஐந்து நிமிடம் நடங்கள். மறுநாள் வலி கூடினால் மூன்று நிமிடமாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள்.